பயிற்சி முடித்தவருக்கு அடுத்த படி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரைப் பராமரிப்பவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று பலரும் சொல்லிவருகிறார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் பல வருடங்களாகப் பராமரிப்பாளராக இருக்கும் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் பயிற்சி முடித்தவர்களுக்கு அப்புறம் என்ன கிடைக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது என்று எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். திருப்பும்போது படுக்கைப்புண் தொடங்குகிறதா என்று குதிகாலையும் முதுகின் அடியையும் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் சிவந்திருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் அந்த இடம் மட்டும் சுடுகிறதா, கெட்டியாகியிருக்கிறதா என்று தெரியும். அன்றைக்கே கண்டுபிடித்தால் அழுத்தம் படாமல் வைத்துச் சரிசெய்யலாம். விட்டுவிட்டால் படுக்கைப்புண் எலும்பு வரைக்கும் இறங்கிவிடும். பக்கவாதம் வந்தவர் சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் களகளத்தால், உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம். பக்கத்தில் இருந்து ஊட்டுகிறவர்தான் இதை முதலில் கவனிக்க முடியும்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி, முந்தின நாள் வரை எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், திடீரென்று மூலையில் யாரோ நிற்பதாகச் சொல்லி நடுங்க ஆரம்பித்தார். மறதி நோய் முற்றிவிட்டது என்று நினைத்தாள் புதிதாக வந்த பெண். கூட இருந்த மூத்த அக்கா, "மறதி ஒரே நாளில் இப்படி முற்றாதும்மா" என்று சொல்லிவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிட்டார். பரிசோதித்ததில் சிறுநீர்த் தொற்று. காய்ச்சலே இல்லை. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் பல சமயம் இப்படிக் குழப்பமாகத்தான் வெளியே தெரியும். மருந்து கொடுத்துச் சில நாளில் பாட்டி தெளிந்துவிட்டார்.

அந்த அக்கா இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. நேற்று சேர்ந்தவருக்கும் அவருக்கும் ஒரே பதவி. சம்பளத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அவர் பயிற்சி வகுப்புகளுக்குப் போகாமல் இல்லை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்து கேட்டு, சான்றிதழும் வாங்கினார். அது அவருடைய பைக்குள் போனதோடு சரி. அவரோடு எங்கள் இல்லம் இழந்ததை எந்த வகுப்பு வைத்து மீட்பது?

2030-ல் உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் பிடிப்பதைப் பற்றியே பேச்சு நடக்கிறது. இருக்கிற ஆள் ஏன் போகிறார் என்பதல்லவா முதலில் பார்க்க வேண்டியது?

பயிற்சியை வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். மறதி நோய், விழுங்கும் சிரமம், கடைசிக் காலப் பராமரிப்பு என்று ஒன்றில் தேர்ந்தவருக்கு மூத்த பராமரிப்பாளர் என்ற பதவியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுங்கள். புதியவர்களைப் பழக்கும் பொறுப்பு, அதற்கான நேரத்தோடு, அவரிடம் இருக்கட்டும். நர்ஸிங் படிக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த அனுபவமும் ஒரு தகுதியாகக் கணக்கில் வர வேண்டும். ஷிப்ட் மாறும்போது நாங்கள் சொல்வதையும் குறிப்பேட்டில் எழுத விடுங்கள். இதற்குப் பணம்கூட வேண்டாம்.

இல்லம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பயிற்சி வகுப்பு என்று அறிவிப்பு ஒட்டும்போது, அதை முடித்தவருக்கு என்ன பதவி, எவ்வளவு சம்பள உயர்வு என்பதையும் அதன் கீழேயே எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் இல்லப் பராமரிப்பாளர் ஒருவர்