அந்த 40 நிமிஷத் தூக்கத்துக்கு நன்றி

"என்னாச்சு, போய்ச் சேந்துட்டியா"ன்னு மெசேஜ் போட்டுட்டே இருந்த எல்லாருக்கும் சேத்து ஒரே பதில். சேந்துட்டேன். ஆஸ்பத்திரில அப்பா கண்ணு முழிச்சிட்டார், பேசுறார், நேத்துலருந்து நர்ஸ்கிட்ட சண்டை கூட போட ஆரம்பிச்சிட்டார். என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுத எனக்கு இப்போ தெம்பு இல்ல, நேரா நன்றிக்கு வந்துடுறேன்.

என் தப்பை முதல்ல சொல்லிடுறேன். அப்பாவைப் பாக்க வர்ற அவசரத்துல, ஒண்ணுலருந்து இறங்கி இன்னொண்ணு ஏற வேண்டிய ரெண்டு ஃபிளைட்டையும் தனித்தனி டிக்கெட்டா போட்டுட்டேன். ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல இருந்திருந்தா முதல் ஃபிளைட் லேட்டானதுக்கு அவங்களே அடுத்ததுல ஏத்தி விட்டிருப்பாங்க, தனித்தனியா போட்டா ரெண்டாவது கம்பெனி கணக்குல நாம வரவே இல்ல, நோ ஷோ, டிக்கெட் போச்சு. கவுண்டர்ல இருந்தவர் இதை ரொம்பப் பொறுமையா எடுத்துச் சொன்னார், அந்தப் பொறுமையத்தான் என்னால தாங்க முடியல. அப்புறம் நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தி அங்க தூக்கத்துலருந்து எந்திரிச்சு, எப்போ திருப்பித் தருவன்னு ஒரு வார்த்த கேக்காம, காலைல 5:50 ஃபிளைட்டுக்கு டிக்கெட் போட்டு விட்டா. அது வந்து கொஞ்ச நேரத்துல போன் செத்துப் போச்சு, பவர் பேங்க்கும் காலி. கடைசியா அந்த ஸ்க்ரீன்ல என் கண்ணுல பட்டது என்ன தெரியுமா, யாரோ வச்சிருந்த ஸ்டேட்டஸ். சேர்ற இடம் முக்கியமில்ல, பயணம்தான் முக்கியமாம், பின்னாடி மலை, சூரிய உதயம் வேற. நல்ல வேளை போன் அணைஞ்சிது, இல்லன்னா தூக்கி அடிச்சிருப்பேன்.

கவுண்டர்ல பேப்பர்ல அடிச்சுக் குடுத்த போர்டிங் பாஸை வச்சிக்கிட்டு 23ஆம் நம்பர் கேட் முன்னாடி உக்காந்திருக்கேன். ரெண்டு நாளா தூங்கல. தூங்கினா போச்சு, அலாரம் வைக்க போன் இல்ல, பெரிய ஏர்போர்ட் பலதுல இப்போ அனௌன்ஸ்மென்ட்டும் கிடையாது, எல்லாம் போர்டைப் பாத்துத் தெரிஞ்சிக்க வேண்டியதுதான், ஃபிளைட் கிளம்புறதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே கேட்டை மூடிடுவாங்க. மறந்துடக் கூடாதுன்னு உள்ளங்கைல பேனாவால 4:45ன்னு எழுதி வச்சிக்கிட்டு அதையே பாத்துட்டிருந்தேன், தலை தானா சாயுது.

அங்க தரை கழுவுற மெஷினைத் தள்ளிக்கிட்டு ஒரு அக்கா வந்தாங்க. என் பாஷை அவங்களுக்குத் தெரியாது, அவங்க பாஷை எனக்குத் தெரியாது. என் மூஞ்சியப் பாத்தாங்க, கையில எழுதினதப் பாத்தாங்க. அவங்க வாட்சைத் தொட்டு, என் உள்ளங்கையத் தொட்டு, அப்புறம் அவங்க நெஞ்சுல ஒரு தட்டு தட்டுனாங்க. நான் எழுப்புறேன், நீ படு. அவ்ளோதான் பேச்சு.

நடுவுல ஒரு தடவை அரைக் கண்ணு திறந்துச்சு. மெஷின் தூரத்துல ஆஃப் பண்ணி நிக்குது, அந்த அக்கா நான் படுத்திருந்த பக்கம் பூரா குனிஞ்சு கையாலயே மாப் போட்டுட்டிருக்காங்க. அந்த மெஷின் போடுற சத்தம் உங்களுக்குத் தெரியும்ல? எவ்ளோ நீளத் தரை அது. எனக்கு எதுவும் புரியல, மறுபடி தூங்கிட்டேன்.

சரியா 4:45க்கு எழுப்பினாங்க. என்னைத் தொடல, என் பையைத் தட்டினாங்க. எழுப்பிட்டு போகல, பாஸ்ல இருந்த 23ஐக் காட்டி இல்லன்னு தலையாட்டி, மேல போர்டைக் காட்டினாங்க. கேட் மாறி 9ன்னு போட்டிருக்கு! மறு கோடி அது, வேக வேகமா நடந்தே 20 நிமிஷம் ஆச்சு. எழுந்தாலும் நான் 23லயே தேமேன்னு உக்காந்திருப்பேன். ஏதாவது குடுக்கலாம்னு பைக்குள்ள கை விட்டேன், என் கைய எடுத்து வெளிய விட்டுட்டு ஜிப்பை அவங்களே மூடிட்டாங்க. நன்றிக்கான்னு தமிழ்லயே சொன்னேன். ஐடி கார்டு திரும்பிக் கெடந்துச்சு, பேர் கூடப் படிக்கல.

மத்தவங்க கோச்சிக்காதீங்க, உங்களையும் மறக்கல. டிக்கெட் போட்டவ, ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு ராத்திரி நின்ன அண்ணன், ரத்தம் குடுத்தவங்க, அம்மா கூடவே படுத்துக்கிட்ட பக்கத்து வீட்டு அத்தை, இமிக்ரேஷன் க்யூல "நீங்க முன்னாடி போங்க"ன்னு விட்ட அந்தக் குடும்பம், அப்புறம் முக்கியமா எதுவும் கேக்காம சும்மா கூட இருந்தவங்க, எல்லாருக்கும் நான் கடன்பட்டிருக்கேன்.

அந்த ஸ்டேட்டஸை இப்பவும் நான் ஒத்துக்க மாட்டேன். அன்னிக்கு எனக்கு சேர்ற இடம்தான் எல்லாமே, நடுவுல இருந்த அத்தனை மணி நேரத்தையும் யாராவது வெட்டி எடுத்துக்கிறேன்னா சந்தோஷமா குடுத்திருப்பேன். ஆனா அப்படி வெட்டினா அந்த அக்காவும் சேந்து போயிடுவாங்களே, அங்கதான் எனக்கு இடிக்குது. ஒண்ணு மட்டும் முடிவு பண்ணிட்டேன், இனிமே கேட் பக்கம் யாராவது தூங்குறதப் பாத்தா அவங்க பாஸ்ல என்ன டைம்னு எட்டிப் பாப்பேன், திட்டினாலும் பரவால்ல.

அப்பாகிட்ட இது எதுவும் இன்னும் சொல்லல. வார்டுக்குள்ள நான் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வழில கொஞ்சமாவது தூங்குனியாம்மா?"

"40 நிமிஷம்ப்பா"ன்னேன்.

"போதுமா?"ன்னார்.