ரசீது யார் பெயரில்?

மாண்புமிகு பினாங்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 13 பேருக்கும் வணக்கம்.

பட்டர்வெர்த்தில் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்கு 12 ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். ரசீதுப் புத்தகம் என் பொறுப்பு. 10 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிற பாட்டியிடமும் பெயர் கேட்டு எழுதித்தான் கிழித்துக் கொடுப்பேன். மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் இருந்தால் அதன் இறக்கையிலேயே 'உபயம்' என்று போட்டுப் பெயரை எழுதிவிடுவோம். காற்று வருகிறதோ இல்லையோ, பெயர் சுற்றும். முன்பெல்லாம் நானே இதைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. ஏன் என்று சொல்லவும், கட்சிகளுக்கு வரும் நன்கொடைக்கும் பெயர் வேண்டும் என்று கேட்கவும்தான் இந்தக் கடிதம்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஆடித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்னதானத்துக்குப் பணம் பற்றவில்லை. வழக்கம்போல ஒரு ஒய்பியின், அதாவது மக்கள் பிரதிநிதியின், சேவை மையத்துக்குக் கடிதம் எழுதினோம். (அவர் உங்களில் ஒருவர் இல்லை. இப்போது எந்தப் பதவியிலும் இல்லை. பெயர் வேண்டாம்.) நான்காம் நாள் அவருடைய உதவியாளர் ஓர் உறையோடு வந்தார். உள்ளே 3,000 வெள்ளி, ரொக்கமாக. நான் பேனாவை எடுத்துக்கொண்டு, "தம்பி, ரசீது யார் பெயரில்?" என்று கேட்டேன்.

"ஒய்பி பெயரில் வேண்டாம் அங்கிள். அவருக்குத் தெரிந்த ஒரு குத்தகைக்காரர் கொடுத்தது. அவர் பெயரும் வேண்டாம் என்றார். பேனரில் மட்டும் ஒய்பி படம் போட்டுவிடுங்கள்."

பணம் ஒருவருடையது, படம் இன்னொருவருடையது, ரசீதில் யாருமே இல்லை. 'அன்பர் ஒருவர்' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். தப்பு என்று அப்போதே தெரியும். அரிசிக் கடையில் பாக்கி இருந்தது.

அடுத்த ஆண்டு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயைப் புதுப்பித்தார்கள். வேலை எடுத்தவர் அதே குத்தகைக்காரர் என்று பிறகு தெரிந்தது. வாட்டம் சரியில்லை; தண்ணீர் ஓடாமல் நின்று, கொசு மொய்த்தது. ஊர்க்காரர்கள் என்னைப் புகார் எழுதச் சொன்னார்கள். மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறையும் எழுந்துவிட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்த்த வீடு எங்களுடையது. அவர் போட்ட சோற்றை எங்கள் பந்தலில் ஆயிரம் பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். எந்த வாயால் புகார் சொல்வது?

அந்த 3,000 வெள்ளிக்கும் கால்வாய்க் குத்தகைக்கும் தொடர்பு இருந்ததா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிய வழியில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, மிரட்டவில்லை, பேரம் பேசவில்லை. ஆனாலும் என் வாய் அடைத்துக்கொண்டது. அரசியல் நன்கொடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நீங்கள் லஞ்சத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்: யார் எதற்கு எவ்வளவு வாங்கினார், நிரூபிக்க முடியுமா என்று. எனக்கு அதைவிடப் பயம் இந்த நன்றிக்கடனைப் பார்த்துத்தான். அதற்குச் சாட்சி கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, குற்றப்பத்திரிகையும் கிடையாது. 3,000 வெள்ளி ஒரு கோயில் பொருளாளரை இப்படிச் செய்யும் என்றால், 30 லட்சம் வாங்கிய கட்சியின் உறுப்பினர் மக்களவையில் கை தூக்கும்போது என்ன நினைப்பார்?

இன்னொரு விஷயம். எங்கள் கோயிலும் உங்கள் கட்சிகளும் ஒரே சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவை. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு நாங்கள் அறிக்கை அனுப்பவேண்டும். கட்சிகளும் கணக்கு அனுப்புகின்றன, மறுக்கவில்லை. ஆனால் பெரிய தொகை கொடுத்தவர்கள் யார் யார் என்று பொதுமக்களுக்கு வெளியிட வேண்டிய கட்டாயம் கட்சிக்கு இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் ஊர்த் தாத்தா ஒருவர் எழுந்து, "சூடம் வாங்க 40 வெள்ளி எழுதியிருக்கே, எந்தக் கடையில்?" என்று கேட்பார். நாட்டை ஆள்கிற கட்சியிடம் அப்படிக் கேட்க எனக்கு வழி இல்லை.

தேர்தல் செலவுக்கு வரம்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் நாடாளுமன்ற வேட்பாளருக்கு 2 லட்சம் வெள்ளி, சட்டமன்ற வேட்பாளருக்கு 1 லட்சம் வெள்ளி என்கிறது. அந்த வரம்பு வேட்பாளருக்குத்தான். கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு எல்லை இல்லை. இரண்டு வாரப் பிரச்சாரத்தில் பிறையிலிருந்து நிபோங் திபால் வரை தொங்கும் கொடிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2013 சீனப் புத்தாண்டு உங்களுக்கும் நினைவிருக்கும். ஹான் சியாங் திடலில் தேசிய முன்னணி, தென்கொரியப் பாடகர் சையை அழைத்து வந்து கச்சேரி வைத்தது. மேடையில் பிரதமர் நஜிப், சைக்குத் தயாரா என்று கேட்டார். கூட்டம் ஆமாம் என்றது. பி.என்.னுக்கு (தேசிய முன்னணிக்கு) தயாரா என்று கேட்டார். கூட்டம் இல்லை என்று கத்தியது. பினாங்குக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறோம். எனக்கு அதில் வேறொரு கேள்வி. அந்தச் செலவு யாருடையது என்று வாக்காளருக்குச் சொல்லும்படி எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இலவசக் கச்சேரியைப் பார்த்துவிட்டு நாம் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டோம்.

இரண்டு ஆண்டு கழித்துத்தான், 2015 ஜூலையில், 260 கோடி வெள்ளி பிரதமரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வந்த செய்தி வெடித்தது. 'நன்கொடை' என்றார்கள். 2016 ஜனவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர், சவுதி அரச குடும்பம் கொடுத்தது, குற்றம் ஏதும் இல்லை என்று கோப்பை மூடினார். பிறகு ஆட்சி மாறியது, வழக்குகள் வந்தன. அரசு நிறுவனமான எஸ்.ஆர்.சி. தொடர்பான வழக்கில் 4 கோடியே 20 லட்சம் வெள்ளிக்காக 2020 ஜூலையில் தண்டனை விதிக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் நஜிப் சிறைக்குப் போனார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் 'நன்கொடை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை அத்தனை மாதம் நிறுத்திவைக்க முடிந்தது, பாருங்கள். நன்கொடைக்கு என்று தனிச் சட்டம் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருக்கலாம்: ரசீது எங்கே?

வேடிக்கை என்னவென்றால், அதே நஜிப் 2015 ஆகஸ்டில் அரசியல் நிதி பற்றி ஆராய ஒரு தேசியக் குழுவை அமைத்தார். அன்றைய அமைச்சர் பால் லோ தலைமையிலான அந்தக் குழு அடுத்த ஆண்டே 32 பரிந்துரைகளைக் கொடுத்தது. 2018ல் ஆட்சியைப் பிடித்த கூட்டணியும் தன் தேர்தல் அறிக்கையில் இதற்குச் சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னது. பிறகு எத்தனை பிரதமர்கள் வந்து போனார்கள்! எதிர்க்கட்சியாக இருக்கும்போது இந்தச் சட்டம் அவசரம். ஆளுங்கட்சி ஆனதும் அது 'ஆய்வில்' இருக்கிறது. உங்களுக்கு மனம் இருந்தால் வேகமும் வரும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2020ல் ஷெரட்டன் ஓட்டலில் கூடி, அணி மாறி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 2022 ஜூலையில் கட்சித்தாவல் தடைக்கு அரசியலமைப்பையே திருத்தினீர்கள், அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. தாவுவதைத் தடுத்தாயிற்று, சரி. தாவாமலே ஒருவருக்குக் கடன்பட்டு உட்கார்ந்திருப்பதை என்ன செய்வது?

உங்களில் சிலர் சொல்லும் ஒரு மறுப்பை நான் ஒதுக்கவில்லை. கொடுத்தவர் பெயரை வெளியிட்டால், எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கும். வருமான வரி அதிகாரி வாசலில் நிற்பார், டெண்டர் கிடைக்காது. நியாயமான பயம். 2008ல் ஒரு செராமாவில் (அரசியல் கூட்டத்தில்) நன்கொடை வாளி சுற்றி வந்தபோது நானும் 10 வெள்ளி போட்டேன். பெயர் கேட்டிருந்தால் கையைப் பின்னால் இழுத்திருப்பேன். ஆகவே வாளியில் விழும் பணத்துக்குப் பெயர் வேண்டாம். ஓர் எல்லை வையுங்கள், 5,000 வெள்ளியோ 10,000 வெள்ளியோ. அதற்கு மேல் கொடுப்பவர் பெயரோடு கொடுக்கட்டும். அரசுக் குத்தகை கையில் இருக்கும் வரை அந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கும் கொடுக்கக் கூடாது. கணக்கைப் பார்க்கும் அமைப்பு பிரதமர் துறைக்குக் கீழே இருக்கக் கூடாது. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லட்டும்.

பெயர் வெளியே வந்தால் வானம் இடிந்து விழாது. இந்தியாவில் பார்த்தோமே. கொடுத்தவர் பெயரை மறைக்கும் தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்றது. அடுத்த மாதமே பட்டியல் வந்தது. முதலிடத்தில் ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குப் போயிருந்தது. தமிழ்நாட்டில் இருக்கும் என் மைத்துனர் அன்று இரவு தொலைபேசியில் திட்டித் தீர்த்தார். திட்டுவதற்காவது அவருக்கு ஒரு பட்டியல் கிடைத்தது.

இப்போது எங்கள் பக்கத்துத் தப்பு. உங்களுக்குப் பணம் ஏன் தேவைப்படுகிறது? பாதிக் காரணம் நாங்கள்தான். கோயில் கூரைக்கு ஒய்பி, பள்ளிப் பேருந்துக்கு ஒய்பி, சாவுச் செலவுக்கு ஒய்பி, கால்பந்துக் குழுவின் ஜெர்சிக்கும் ஒய்பி. மாதம் 16,000 வெள்ளி உதவித்தொகையில் இதையெல்லாம் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டேதான் கை நீட்டுகிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் உங்களைத்தான் கூப்பிடுகிறோம், ஏனென்றால் கூப்பிட நாங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் இல்லை. ஒரு காலத்தில் இருந்தார்கள். ஜார்ஜ்டவுனில் 1951லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957ல் மாநகரமானபோது முதல் மேயர் நம்மவரான டி.எஸ். ராமநாதன். 1965ல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள், 1976ல் சட்டம் போட்டு எடுத்தே விட்டார்கள். சட்டம் இயற்றப் போகிறவர் கால்வாய்க்கும் கட்டில் மெத்தைக்கும் பணம் தேடி அலைந்தால், கொடுக்கக் காத்திருக்கும் குத்தகைக்காரர்தான் கண்ணில் படுவார். கட்சிகளுக்கு அரசு நிதி கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுங்கள், என் வரிப்பணத்தில் எனக்குச் சம்மதம். ஆனால் முதலில் பழைய புத்தகத்தைத் திறந்து காட்டிவிட்டு.

இந்த மக்களவையின் ஆயுள் 2027 டிசம்பரில் முடிகிறது. அதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம். கலைத்துவிட்டால் எல்லோரும் கொடி கட்டப் போய்விடுவீர்கள். அதனால் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் 13 பேரும் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் சேவை மையச் சுவரில் ஒரு பலகை வையுங்கள். இந்த மாதம் வந்த பணம், கொடுத்தவர் பெயர், யாருக்குப் போனது. மூன்று வரிசை போதும். அச்சடிக்கக்கூட வேண்டாம், சாக்பீஸில் எழுதினால் போதும். தகவல் சுதந்திரச் சட்டத்தை 2011லேயே நிறைவேற்றிய மாநிலத்தின் உறுப்பினர்கள் நீங்கள். இதைச் செய்ய யாருடைய அனுமதியும் உங்களுக்கு வேண்டாம்.

இந்த ஆண்டு ஆடிக்கும் எங்களுக்குப் பணம் பற்றாது. கடிதம் வரும். உங்கள் உதவியாளரை அனுப்பினால் சொல்லி அனுப்புங்கள், பொருளாளர் பெயர் கேட்பார் என்று. 'அன்பர் ஒருவர்' என்று எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். பெயர் சொல்ல மனமில்லை என்றால் உறையை அவரே திரும்பக் கொண்டு போகலாம். அந்த ஆண்டு சோற்றுக்குப் பதில் மோர் ஊற்றிக்கொள்வோம்.

இப்படிக்கு,
பட்டர்வெர்த்திலிருந்து ஒரு கோயில் பொருளாளர்