ஹலால் என்று சொல்லி விற்ற கொரியச் சுற்றுலா: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், குமுளி, இடுக்கி மாவட்டம்

ஐயா,

வணக்கம். முன்பதிவு எண், பில், பயண அட்டவணை, நாங்கள் எடுத்த படங்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. கேட்டவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. "டீடெயில்ஸ் அனுப்புங்க மேடம்" என்று இன்னொருவர் எழுத வேண்டாம் என்று முதலிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் பள்ளி விடுமுறையில் உங்கள் கொரியச் சுற்றுலாவுக்கு நான், என் கணவர், என் மகள், என் தங்கை மகள் நால்வரும் வந்தோம். தலைக்கு ₹1,45,000. முஸ்லிம் குடும்பங்களுக்கு என்றே தனியாகப் போட்ட பேக்கேஜ். மூன்று வேளையும் ஹலால் சாப்பாடு, தொழுகைக்கு நேரம், பிள்ளைகளுக்குப் பிடித்த கே-பாப் (கொரியப் பாப் பாட்டு) இடங்கள் என்று உங்கள் துண்டறிக்கையே சொல்கிறது. உங்கள் சரக்கு உங்களுக்குத் தெரியும் என்பதால் முழுவதையும் இங்கே திருப்பி எழுதவில்லை. பன்றிக்கறி சுடுகிற கடையில் முதல் நாள் இராச்சாப்பாடு என்று முடிவு செய்தவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன் உங்கள் எறணாகுளம் அலுவலகத்தில், கண்ணாடி அறைக்கு வெளியே இரண்டாவது மேசையில் இருக்கும் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனதில் கிடந்து அறுப்பது அதுதான்.

குமுளியிலிருந்து எறணாகுளம் எவ்வளவு தூரம் என்பது கேரளத்தில் அலுவலகம் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. விடிவதற்கு முன் பஸ் ஏறி, பீர்மேடு, முண்டக்கயம் வளைவுகளில் குடல் புரண்டு, கோட்டயத்தில் இறங்கி வேறு பஸ் மாறி வந்தேன். அசல் ரசீதோடு நேரில் வரச் சொன்னது உங்கள் ஹெல்ப்லைன். வந்தால், புகார் ஆன்லைனில் மட்டுந்தான் என்றார் அந்தத் தம்பி. அப்புறம் எதற்கு வரச் சொன்னீர்கள் என்றேன். "நான் சொல்லலையே" என்றார். மேலாளர் மீட்டிங்கில் இருந்தார். மதியம் கழிந்தும் மீட்டிங்கிலேயே இருந்தார். நான் லுஹர் (மதியத் தொழுகை) தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது வீட்டுக்குப் போயிருந்தார்.

சரி, உங்களிடமே சொல்கிறேன் என்று சாப்பாட்டு விஷயத்தை ஆரம்பித்தேன். தம்பி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹலால் இல்லெங்கில் வெஜ் கழிச்சால் போரே சேச்சீ?" (ஹலால் இல்லையென்றால் வெஜ் சாப்பிட்டால் போதாதா அக்கா?) என்றார். பக்கத்து மேசையைப் பார்த்து, "இவர்க்கொன்னும் வேறெ பணியில்லே" (இவங்களுக்கு வேறு வேலையில்லை) என்றும் சொன்னார். ஐயா, நான் பிறந்து வளர்ந்தது குமுளியில். வேலை பார்ப்பது இங்குள்ள தமிழ்வழிப் பள்ளியில். தமிழ் பேசுகிற பெண்பிள்ளைக்கு மலையாளம் விளங்காது என்று எந்தத் தைரியத்தில் நினைத்தார்? எனக்கு வேலை இருக்கிறது. அன்றைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு, முழுநாளும் போனது.

வெஜ் சாப்பிட்டால் போதாதா என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். கொரியாவில் காய்கறிச் சாப்பாடு என்று தருவதில் சாதாரண கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு) சுருளுக்குள் ஹேம் துண்டு இருக்கும். ஹேம் என்றால் பன்றிக்கறி. மிளகாய் விழுதிலும் சோயா சாறிலும் மது சேர்த்த ரகங்கள் உண்டு. சமையலுக்கென்றே அரிசி மது வைத்திருக்கிறார்கள். சாம்பார், ரசம் என்ற கணக்கில் அங்கே வெஜ் கிடையாது. உண்மையாகவே கறி, மீன் படாத சாப்பாடு வேண்டுமென்றால் புத்த மடங்களின் வழக்கப்படி சமைக்கும் உணவகங்கள் சியோலில் இருக்கின்றன. அதில் ஒன்றையாவது பிடித்துக் கொடுத்திருந்தால் உங்களுக்குக் கும்பிடு போட்டிருப்பேன். நீங்கள் பிடித்துக் கொடுத்தது, மேசை நடுவில் அடுப்பு வைத்து பன்றியின் வயிற்றுக்கறியைச் சுடுகிற கடை.

அங்கே உங்கள் வழிகாட்டி, எங்களுக்குக் கோழி சொல்லியிருப்பதாகச் சமாதானம் சொன்னார். கோழி வந்தது. பக்கத்து மேசையில் பன்றிக்கறியைத் திருப்பிப் போட்ட அதே இடுக்கி, கறியை நறுக்கிய அதே கத்தரிக்கோல். கோழி எப்படி அறுத்தது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. தங்கை மகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நால்வரும் எழுந்து வெளியே வந்து, எதிரில் இருந்த சின்னக் கடையில் அவித்த முட்டையும் வாழைப்பழமும் வாங்கித் தின்றோம். ஆறு லட்சம் ரூபாய்க்கு அவித்த முட்டை.

மறுநாள் சென்னை ஹெல்ப்லைனில் ஒரு பெண், நல்ல மாதிரியாகத்தான் பேசினார், "கடல் உணவு சொல்லச் சொல்கிறேன் அக்கா, அதில் பிரச்சினை இல்லையே" என்றார். வந்தது கணவாயும் நண்டும். நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு). மீன் எங்களுக்கு ஆகும், கணவாயும் நண்டும் ஆகாது. கேரளக் கடற்கரையில் இருக்கும் மாப்பிளமார் ஷாஃபி என்ற வேறு மத்ஹபு, அவர்கள் தாராளமாகச் சாப்பிடுவார்கள். முஸ்லிம்களுக்கு என்று சுற்றுலா விற்கிற நிறுவனத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? தெரியாவிட்டால் முன்பதிவுப் படிவத்தில் ஒரு வரி கேட்டிருக்கலாம். பயணம் கிளம்பும் முன் "உணவு விருப்பம்" என்ற இடத்தில் நான் நீளமாக எழுதியதை யாராவது படித்தீர்களா?

என் மகளுக்குக் கொரிய எழுத்து வாசிக்கத் தெரியும். பாட்டுக் கேட்டே தானாகப் படித்துக்கொண்டாள். அவள் இல்லையென்றால் நாங்கள் பட்டினிதான். அந்த நாட்டில் ஒவ்வாமை தரும் பொருட்கள் என்று பாக்கெட்டில் கட்டாயம் அச்சிட வேண்டிய பட்டியலில் பன்றி இறைச்சியும் இருக்கிறது. முட்டை, பால், கோதுமை என்று வரும் அந்த வரிசையில் 'த்வேஜிகோகி' என்ற சொல்லைத் தேடிப் பார்த்து, இருந்தால் கீழே வைத்துவிடுவாள். மது அந்தப் பட்டியலில் வராது. அதைச் சேர்மானங்களில் தனியாகத் தேட வேண்டும். பதினேழு வயதுப் பெண் கடைக்குக் கடை நின்று செய்த இந்த வேலைக்குத்தான் உங்களுக்குப் பணம் கொடுத்தோம். கொரியச் சுற்றுலாத் துறையே முஸ்லிம்கள் சாப்பிடும் உணவகங்களைச் சான்று பெற்றவை, கடைக்காரரே உறுதி சொல்பவை, பன்றி மட்டும் இல்லாதவை என்று வகை பிரித்துப் பட்டியல் போட்டிருக்கிறது. பன்றி இல்லை என்பது கடைசி வகை. உங்கள் துண்டறிக்கைக்கு எல்லாம் ஒன்றுதான்.

கே-பாப் பக்கம் வருகிறேன். நான்காம் நாள் அட்டவணையில் ஹைப் இன்சைட் என்று போட்டிருந்தீர்கள். பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுப் பிள்ளைகளின் நிறுவனம் சியோலின் யோங்சானில் நடத்திவந்த அருங்காட்சியகம் அது. 2021 மே மாதம் திறந்து, 2023 ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள். மகள் அட்டவணையைப் பார்த்ததும் சொன்னாள், "அம்மா, இது மூடியாச்சே." நான்தான் அதட்டினேன்: இவ்வளவு பெரிய நிறுவனம் மூடிய இடத்தையா போடும், தனி ஏற்பாடு ஏதாவது இருக்கும் என்றேன். போனோம். எதிர்ச்சாரியில் பஸ்ஸை நிறுத்தி, கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் வழிகாட்டி. பத்து நிமிடம்.

ஐந்தாம் நாள் கிழக்குக் கடற்கரையில் காங்நங், ஜுமுன்ஜின் கடற்கரைப் பேருந்து நிறுத்தம். 2017-இல் வந்த பிடிஎஸ் ஆல்பத்தின் படத்துக்குப் போட்டிருந்த செட்டைப் பிரித்துவிட்டார்கள். ரசிகர்கள் வந்துகொண்டே இருப்பதால் நகராட்சி 2018-இல் அதே மாதிரி திரும்பக் கட்டி வைத்திருக்கிறது. என் மகள் இந்தப் பயணத்தில் கேட்டது உண்மையில் அது ஒன்றைத்தான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படம். அதற்காகத் தங்கை மகளும் அவளும் ஒரே நிறத்தில் சட்டை தைத்து எடுத்து வந்திருந்தார்கள். "டிராபிக்" என்று சொல்லி அதை வெட்டிவிட்டு எங்களை ஜின்செங் கடைக்குக் கொண்டுபோனீர்கள். டிராபிக் இருக்கிற நாளில் ஜின்செங் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க எப்படி நேரம் இருந்தது? அந்தக் கடைக்காரர் உங்களுக்கு என்ன கொடுக்கிறார் என்று நான் கேட்கப் போவதில்லை; நுகர்வோர் ஆணையத்தில் கேட்பார்கள். பிள்ளை அன்று அழ ஆரம்பித்தவள் நெடும்பாசேரி விமான நிலையத்தில் வந்து இறங்கும்வரை அழுதாள். பிளஸ் டூ படிக்கிற பெண், திரும்பி வந்ததிலிருந்து புத்தகத்தைத் தொடவில்லை. மதிப்பெண் குறைந்தால், கல்லூரி கிடைக்காமல் போனால், அவள் எதிர்காலத்தையே பாழாக்கிய பொறுப்பு உங்களுடையது. இதை மிகையாகச் சொல்லவில்லை.

தொழுகையை எழுத மறந்துவிட்டேனே. சியோலில் இதேவோன் குன்றின் மேல் 1976-லிருந்து பள்ளிவாசல் இருக்கிறது. அதைச் சுற்றியே ஹலால் கடைகள். இரண்டாம் நாள் இரவு அங்கே என்று அட்டவணை சொல்லியும் பஸ் போகவில்லை. அடுத்த நாள் சொந்தக் காசில் டாக்சி பிடித்து நாங்களே போனோம். கொரியாவில் வயிறாரச் சாப்பிட்டது அன்று ஒரு வேளைதான். நாமி தீவில் முஸ்லிம்களுக்கென்று தொழுகை அறையே வைத்திருக்கிறார்கள். படகுக்குக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் கொடுத்தால் உளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) எங்கே செய்வது, அறையை எங்கே தேடுவது? இதைச் சொன்னதற்கு உங்கள் சென்னை ஆள், பயணிகளுக்குச் சேர்த்துத் தொழும் சலுகை உண்டே என்றார். நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுவதை இரண்டாகச் சுருக்குவது எங்களுக்கு உண்டு. லுஹரையும் அஸர் என்ற மாலைத் தொழுகையையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவது ஹனஃபியில், ஹஜ்ஜில் குறிப்பிட்ட இடங்களைத் தவிர, கிடையாது. பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்டு உங்களுக்குப் பணம் கட்டவில்லை ஐயா, பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்தத்தான் கட்டினோம்.

இனி அலைச்சல். தேனியில் நீங்கள் கண்காட்சியில் போட்ட ஸ்டாலில் பணம் கட்டினேன். முகவரி குமுளி. தேனிக் கிளை சொல்கிறது: உங்கள் முகவரி கேரளா, எறணாகுளத்தில் கேளுங்கள். எறணாகுளம் சொல்கிறது: பில் தமிழ்நாட்டு ஜிஎஸ்டியில் இருக்கிறது, தேனியில் கேளுங்கள். குமுளிச் செக்போஸ்டில்கூட லாரியை இப்படி அங்கும் இங்கும் தள்ளிவிட்டு நான் பார்த்ததில்லை. பணத்தை வாங்கும்போது எந்த மாநிலம் என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலா என்று டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) 5 சதவீதம் பிடித்தீர்களே, அதற்குச் சான்றான 27டி படிவமும் இதுவரை வரவில்லை; வருமான வரிக் கணக்கில் நான் அதை எப்படிக் கழிப்பது?

உங்கள் தேனிக் கிளைப் பெண் ஒருத்தி மட்டும் போன் எடுக்கும்போதெல்லாம் "மன்னிச்சிருங்க அக்கா" என்பாள். அவள்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவளைத் திட்டிவிடாதீர்கள்.

நீங்கள் நல்ல நிறுவனம் என்று உறவினர் பலர் சொல்லித்தான் வந்தோம். பேசி முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். கட்டிய தொகை முழுதும், டாக்சிக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் ஆன செலவும், எங்கள் மன உளைச்சலுக்குப் பத்து லட்சமும், 27டி படிவமும் தர வேண்டும். அந்தத் தம்பியிடமிருந்து எழுத்தில் மன்னிப்பும் வேண்டும். பத்து லட்சத்தில் பேரம் பேசினாலும் பேசுவேன், இதில் பேச மாட்டேன். துண்டறிக்கையிலிருந்து ஹைப் இன்சைட்டை எடுத்துவிடுங்கள். போன வாரம்கூட அது இருந்தது.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும். அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்கு. தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு இரண்டும் அதில் வரும். தேனியா எறணாகுளமா என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. இடுக்கி மாவட்ட ஆணையத்துக்கு மலையேறி வர வேண்டியது இந்த முறை நீங்கள்தான்.

பதில் எழுத்தில் வேண்டும். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
குமுளி

இணைப்பு: பில் நகல், பயண அட்டவணை, துண்டறிக்கை, டாக்சி ரசீதுகள், சாப்பாட்டு மேசையின் படங்கள்