மூன்றாம் நாளில் நின்ற கரு

பினாங்கு

அன்பு மகனுக்கு,

சோதனைக்குழாய் முறையில் உருவான ஆறு கருவில் நான்கு மூன்றாம் நாளோடு நின்றுவிட்டது என்றதும் "முட்டை சரியில்லை போல" என்று போனில் சொல்லிவிட்டாய். மருமகள் பக்கத்தில்தான் இருந்திருப்பாள். அந்தப் பேச்சை விடு, ஐயா.

முதல் இரண்டு நாள் கரு பிழைப்பது முட்டையில் இருக்கும் சேமிப்பை வைத்து. நான்கு செல் எட்டாகும் கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். அதில் பாதி உன்னுடையது. உன் பங்கில் டி.என்.ஏ. இழை அறுந்திருந்தால் முட்டை ஓரளவு ஒட்டுப்போடும். முடியாமல் போனால் அது தெரியவருவது அநேகமாக இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான். வயது கூடினால் முட்டையின் அந்தத் திறனும் குறையும், அவள் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும்.

விந்தணு இன்னும் இரண்டு சாமான் கொண்டுபோகிறது. ஒன்று, பி.எல்.சி. சீட்டா என்ற புரதம். அது உள்ளே போனால்தான் முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக மணிக்கணக்கில் எழும், முட்டை விழிக்கும். அது இல்லையென்றால் இக்ஸி முறையில் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைத்தாலும் முட்டை சும்மா கிடக்கும். மற்றது, செல் பிரிவதற்கு வேண்டிய சென்ட்ரியோல். முட்டை தன்னுடையதை முன்பே இழந்துவிடும்.

"என் ரிப்போர்ட் நார்மல்" என்கிறாய். மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் விந்தணு, அசைவு 42 சதவீதம், நல்ல வடிவம் 4 சதவீதம்: உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள கீழ் எல்லை இது. எண்ணிக்கையும் ஓட்டமும் தெரியும், உள்ளே இழை அறுந்திருப்பது தெரியாது. டி.என்.ஏ. சிதைவுப் பரிசோதனையைத் தனியாகக் கேள்.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வரும் வழியில் இன்னும் சில நாள். ஆக, இன்று சிகரெட்டை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்து. டிங்கி மாதிரி கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் அதே கணக்கு. ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரான் ஊசி நீட்டினால் தொடாதே. வெளியிலிருந்து வந்தால் மூளை விரைக்குச் சொல்வதை நிறுத்திவிடும், எண்ணிக்கை பூச்சியம்வரை போகும். மடிக்கணினி பெயரில்தான் மடி, விரைக்குச் சூடு படாமல் மேசையில் வை. நின்றபடி தடவிப் பார், விரைக்கு மேல் ரத்தக்குழாய் சுருண்டு தடித்திருந்தால் டாக்டரிடம் காட்டு.

மாதிரி கொடுக்குமுன் இடைவெளி இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளைத் தாண்டாமல் இருக்கட்டும். பத்து நாள் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், சிதைவும் கூடும். கோலாலம்பூர் சாலை ஜேமில் வீட்டிலிருந்து கொண்டுபோகாதே, கிளினிக்கிலேயே கொடு. முதல் துளியில்தான் விந்தணு அதிகம்; அது சிந்தினால் மறைக்காமல் சொல்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்பு.

அம்மா