கடைசிப் பெட்டியில் உட்கார்

அன்புள்ள அம்மணிக்கு,

பேரனுக்குக் காடும் பாலமும் நேரெதிரே தெரியவேண்டும் என்று மலை ரயிலின் முன்பெட்டியில் டிக்கெட் எடுத்திருக்கிறாயாம், அம்மா சொன்னாள். நல்ல இடம்தான். ஆனால் உன் அப்பன் இருப்பது அடுத்த கோடியில்! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. நடுவில் இணைப்பு விட்டுப்போனால்கூட, பெட்டிகள் உருண்டு வந்து இன்ஜின் மேல்தான் சாய வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் நீ கேட்டாய்: "முன்னால் பெட்டிகள் மறைக்குமே, எப்படி அப்பா ஓட்டுகிறீர்கள்?" அன்று கரி அள்ளி வந்த அலுப்பில், "போய்ப் படி" என்றேன். இப்போது சொல்கிறேன். நான் பார்த்து ஓட்டுவதில்லை. முன்பெட்டி வாசலில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பார்க்கிறார். பாறையோ யானையோ கண்ணில் பட்டால் சிவப்புக் கொடி. அந்தச் சைகை பெட்டிக்கு ஒருவராக நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் வழியாகக் கைமாறி என்னிடம் வரும். நான் விசில் அடித்தால் அவரவர் பெட்டியில் கைப்பிரேக்கைத் திருகுவார்கள். இறங்கும்போது அத்தனை பாரமும் என் முதுகில் சாய்கிறது. அவர்கள் கை தளர்ந்தால் என் கையால் ஒன்றும் ஆகாது.

கல்லாறு தாண்டியதும் பேரனைக் காது கொடுத்துக் கேட்கச் சொல். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு கம்பிகள் தொடங்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் பள்ளம். ஆகவே பற்சக்கரத்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு பிடி கிடைத்துக்கொண்டே இருக்கும். அதுவரை இரண்டு சிலிண்டரில் ஓடிய இன்ஜின், அங்கிருந்து நான்கில் ஓடும். 12 அடிக்கு 1 அடி ஏற்றம். மனிதன் ஓடினால் எட்டிப் பிடித்துவிடும் வேகம்தான். "பஸ் எப்போதோ போய்விட்டதே" என்று ஒருவராவது தினமும் சொல்லிவிடுகிறார். போகட்டும், இந்த ரயில் ஓடத் தொடங்கிய 1899இலும் யாராவது மாட்டு வண்டியைக் காட்டிச் சொல்லியிருப்பார்கள்.

கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கத் தொடங்கியபின் கரி அள்ளும் வேலை போய்விட்டது. ஆனாலும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் வேலை போகவில்லை. சரிவில் பாய்லர் தண்ணீரும் சாயும். மட்டம் இறங்கி, பாய்லருக்குள் நெருப்பு எரியும் அறையின் கூரை தண்ணீரில்லாமல் காய்ந்தால் பாய்லர் வெடிக்கலாம், அவ்வளவுதான். நீ பிறந்த இரவுகூட எனக்குக் கனவில் வந்தது அந்தக் குழாய்தான். உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

முடிந்தால் இன்ஜினை ஒட்டிய கடைசிப் பெட்டிக்கு மாற்றிக்கொள். முடியாவிட்டால் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது அவனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வா. குரங்குகள் காத்திருக்கும், முறுக்குப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டு மூடு. அவனுக்கு வெள்ளைச் சட்டை வேண்டாம்.

அன்புடன்,
அப்பா