வீட்டிலிருந்து வேலை: விளம்பரத்தில் முகவரி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் சிறுவிளம்பரப் பக்கம் பற்றிய முறைப்பாடு இது. “வீட்டிலிருந்தபடியே மாதம் 80,000 ரூபாவுக்கு மேல். படிப்பு, அனுபவம் தேவையில்லை. இல்லத்தரசிகள் விரும்பத்தக்கது. வட்ஸ்அப் மட்டும்.” இந்த மாதிரி விளம்பரங்கள் வாரம் தவறாமல் வருகின்றன. கம்பனியின் பெயர் இல்லை, முகவரி இல்லை, என்ன வேலை என்றும் இல்லை. காணி விற்பவர் எத்தனை பேர்ச், எந்த வீதி என்று போடுகிறார். மணமகள் தேடுபவர் நட்சத்திரம் வரை சொல்கிறார். வேலைக்கு ஆள் கேட்பவர் மட்டும் ஒரு தொலைபேசி இலக்கத்தோடு தப்பிவிடுகிறார்.

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஓர் இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2022இல் டொலர் இல்லை, இறக்குமதிக்கு வங்கியில் எல்சி (கடன் கடிதம்) திறக்க முடியவில்லை என்று ஆகி, அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். மனைவி தாதி. அவருக்கு இரவு வேலையும் வரும். சின்னவன் அப்போது கைக்குழந்தை. வீட்டில் யார் நிற்பது என்று நாங்கள் பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து சமையல், நேர்சரி, மூத்தவளின் வீட்டுப்பாடம் எல்லாம் என் பொறுப்பு. இடையில் கிடைக்கும் நேரத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

இந்த விளம்பரங்கள் ஏன் இல்லத்தரசிகளையே குறிவைக்கின்றன என்று அறிய சில இலக்கங்களுக்கு எடுத்துக் கதைத்துப் பார்த்தேன். “தம்பி, மிஸிஸ் இருந்தா குடுங்க” என்பார்கள். மிஸிஸ் வார்டில் நிற்கிறார், வீட்டில் இருப்பது நான்தான் என்றால் மறுமுனையில் ஒரு சிரிப்பு. அப்புறம் பதில் வராது. என் கணிப்பு இதுதான்: வீட்டுச் செலவுக் காசில் மிச்சம் பிடித்து இந்த மோசடிக்காரர்களிடம் கட்டியவர், அது போய்விட்டால் வெளியில் சொல்ல வெட்கப்படுவார். புருஷனுக்குத் தெரியாமல் எப்படியாவது மீட்கப் பார்ப்பார். மீட்பதற்காக இன்னும் கட்டுவார். அவர்களுக்கு வேண்டியது அந்த வெட்கம்தான்.

எங்கள் புளொக்கில் கீழ்மாடியில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். விளம்பர இலக்கத்துக்கு வட்ஸ்அப் செய்தவரை டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்தார்கள். யூடியூப் வீடியோக்களுக்கு லைக் போட்டு, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவதுதான் வேலை. அன்று மாலையே கணக்கில் 900 ரூபா விழுந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். குழுவில் நூற்றுக்கணக்கானோர் “எனக்கு வந்தது”, “நன்றி மேடம்” என்று வங்கி ரசீதுகளைப் போட்டபடி இருந்தார்கள். மூன்றாம் நாள் “முற்பண வேலை” என்று ஒன்று வந்தது. 5,000 கட்டினால் 6,500 திரும்பும். அதுவும் திரும்பியது. அடுத்தது 20,000. அதற்குப் பிறகு நீங்கள் ஒரு படியைத் தவறாகச் செய்துவிட்டீர்கள், கணக்கைத் திறக்க 45,000 கட்டுங்கள், இல்லாவிட்டால் முழுக் காசும் முடங்கும் என்றார்கள். அவர் காப்பை அடகு வைக்கச் செட்டியார் தெருவுக்குப் புறப்பட்ட அன்றுதான் விஷயம் என் காதுக்கு வந்தது.

அவருடைய தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். கணக்கெழுதுகிறவன் கண்ணுக்கு முதலில் பட்டது தொகை அல்ல, பெயர்கள். அவருக்கு வந்த 900 ரூபா ஒரு தனியாளின் கணக்கிலிருந்து வந்திருந்தது. 5,000ஐ அவர் கட்டியது வேறொரு தனியாளுக்கு. 20,000 போனது இன்னொருவருக்கு. எல்லாம் வேறு வேறு வங்கி, வேறு வேறு ஊர்க் கிளை. உலகம் முழுக்க வியாபாரம் செய்வதாகச் சொல்லும் கம்பனிக்குத் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குக் கூட இல்லையா?

இதைவிட மோசமானது அதற்குப் பிறகு வந்தது. கட்டக் காசில்லை என்று அவர் சொன்னதும், அப்படியானால் உங்கள் கணக்கை எங்களுக்குப் பாவிக்கத் தாருங்கள், வரும் காசை நாங்கள் சொல்லும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் கொமிஷன் உண்டு என்றார்கள். அப்போதுதான் அந்தத் தனியாட்கள் யார் என்பது விளங்கியது. அவர்களிலும் பலர் இப்படி மாட்டிய வீட்டுக்காரர்களாக இருக்கலாம். இன்னொருவரிடம் ஏமாற்றி எடுத்த காசு உங்கள் கணக்குக்குள் வந்து போனால், பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை. கணக்கு முடக்கப்படும். குற்றத்தில் வந்த காசைக் கைமாற்றுவதைத் தடுக்க 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. “எனக்குத் தெரியாது சேர், வேலை என்றுதான் செய்தேன்” என்று சொல்லி அதிலிருந்து சுலபமாகத் தப்பிவிட முடியாது. வங்கிக் கணக்கு, ஏடிஎம் அட்டை, ஓடிபி இலக்கம், அடையாள அட்டையின் படம், இவற்றைக் கேட்பது எந்த வேலையும் ஆகாது. காசு போய்விட்டால் முதலில் வங்கிக்கு எடுங்கள், அதே மணித்தியாலத்தில். பிறகு இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101 இலக்கம் இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடும் எழுத வேண்டும். அந்த டெலிகிராம் செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம்.

ஆள் சேர்த்தால் காசு, அவர் ஆள் சேர்த்தால் இன்னும் காசு என்ற வகையும் “வீட்டிலிருந்து தொழில்” என்ற பெயரில்தான் வருகிறது. வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவு இப்படியான பிரமிட் திட்டங்களைத் தடை செய்திருக்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் அதற்குள் அடங்கும். விளம்பரம் வாங்குகிற உங்கள் பகுதியினரும் இதை ஒருமுறை வாசித்து வைப்பது நல்லது. தடை செய்யப்பட்ட கம்பனிகளின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது.

சரி, அப்படியானால் வீட்டிலிருந்து உண்மையான வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் “அனுபவம் தேவையில்லை” என்று அது வருவதில்லை. எனக்குக் கிடைத்த முதல் கணக்கு, இரண்டாம் குறுக்குத் தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒருவருடையது. பழைய கடையில் என் வேலையைப் பார்த்திருக்கிறார். ஒரு மாதத்துப் பில்களைச் சொப்பிங் பேக்கில் போட்டுத் தந்து, “எழுதிக்கொண்டு வாங்க தம்பி, பார்ப்பம்” என்றார். அந்தச் சோதனை வேலைக்கும் கூலி தந்தார். இப்போது மாதக் கடைசியில் கடைப் பையன் பையைக் கொண்டுவந்து தருவான். பிரித்தவுடன் முதல் வேலை, பில்களைப் படம் எடுப்பது. சூட்டில் அச்சாகும் அந்த மெல்லிய தாள்கள் கொழும்பு வெக்கையில் சில மாதத்தில் வெளிறிப்போகும். ஒரு வருடம் கழித்து வரிக்காரர் கேட்டால் கையில் இருப்பது வெறும் வெள்ளைத் துண்டு. பிறகு எக்செல்லில் ஏற்றி, ஊழியர்களின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்குப் பார்த்து, கடன் கொடுத்த இடங்களின் மீதியைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவேன். இதில் பணக்காரனாக முடியாது. ஆனால் யாரிடம் சம்பளம் வாங்குகிறேன், அவருடைய கடை எந்த வீதியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

என்னைச் சுற்றி வீட்டிலிருந்து உண்மையாகச் சம்பாதிப்பவர்களைப் பார்க்கிறேன். வெள்ளவத்தையில் ஓர் அக்கா லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் தமிழ் படிப்பிக்கிறார். லண்டன் சனிக்கிழமை காலை 10 மணி வகுப்பு கோடையில் இங்கே பிற்பகல் 2.30க்கு. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அதே வகுப்பு 3.30க்குப் போகும், இவருடைய மகனின் டியூசனோடு முட்டும். கனடாப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும். அதனால் அவர்களுக்கு வார இறுதி மட்டும். இன்னொருவர் சிங்களத்திலிருந்து தமிழுக்குப் பத்திரங்கள் மொழிபெயர்க்கிறார். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதால் அந்தத் தகுதியையும் எடுத்திருக்கிறார். சாரி பிளவுஸ் தைப்பவர்கள், கடைகளுக்குச் சோட் ஈட்ஸ் கொடுப்பவர்கள் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இவர்களில் ஒருவர்கூட வேலை தொடங்க யாருக்கும் “பதிவுக் கட்டணம்” கட்டியவர் அல்ல. எல்லோருடைய கைவேலையையும் யாரோ முதலில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் காசு பற்றியும் ஒரு சொல். பேபால் என்ற ஒன்லைன் பணச்சேவையில் இங்கிருந்து அனுப்பலாம், இங்கே பெற முடியாது என்ற நிலை வருடக்கணக்காக இருந்ததால்தான் எங்கள் ஆட்கள் அதைப் போன்ற இன்னொரு சேவையான பயோனியர் பக்கம் போனார்கள். அதைச் சாட்டாக வைத்து “உங்கள் டொலரை நாங்கள் எடுத்துத் தருகிறோம்” என்று இடையில் நுழைபவரிடம் கவனம். இப்படி வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் வரி உண்டு, வங்கி வழியாக வந்தால் உச்சம் 15 சதவீதம். ஆனால் வருடத்துக்கு 18 லட்சம் ரூபா வரை விலக்கு இருக்கிறது. மாதத்துக்கு ஒன்றரை லட்சம். பெரும்பாலான அம்மாமார் அந்த எல்லையைத் தொடமாட்டார்கள். ஆகவே பயந்துகொண்டு காசை வேறொருவர் கணக்குக்கு எடுக்க வேண்டாம்.

கொழும்புக் கம்பனிகள் மீதும் எனக்கு ஒரு மனக்குறை. காலை 9 முதல் மாலை 6 வரை கணினியை விட்டு எழும்பக்கூடாது, லீவு கேட்டுத்தான் எடுக்க வேண்டும், ஆனால் நீங்கள் “ஃப்ரீலான்ஸ்”, ஆகவே ஈபிஎஃப் இல்லை என்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம். 1958ஆம் ஆண்டின் சட்டம் தற்காலிக ஊழியரையும் துண்டுக் கூலிக்கு வேலை செய்பவரையும் விடவில்லை. மேசை உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதற்காக 12 சதவீதம் கரைந்துவிடாது. நேர்முகத்தில் “ஈபிஎஃப் கட்டுவீர்களா?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நல்ல இடம் என்றால் ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு பதில் வரும். கள்ள இடம் என்றால் அதற்குப் பிறகு அழைப்பே வராது. பிணக்கு வந்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை பார்த்துக்கொண்டே செய்யும் வேலை என்று விளம்பரங்களில் மடியில் குழந்தையோடு ஒரு பெண் லப்டொப்பில் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தப் படத்தை எடுத்தவருக்குப் பிள்ளை இல்லை. நாலு வயதுக்காரன் விழித்திருக்கும் வீட்டில் ஒரு வரவுசெலவுக் கூட்டுத்தொகையைக்கூட முடிக்க முடியாது. என் வேலை நேரம் நேர்சரி விடும் வரையும், பிறகு இரவில் அவன் தூங்கிய பின்னும்தான். அதைக் கடைக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டவர்களோடு இருக்கிறேன், ஒப்பாதவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது அதிகமில்லை. “வீட்டிலிருந்து வேலை” என்று விளம்பரம் கொண்டுவருபவரிடம் வியாபாரப் பெயர்ப் பதிவுப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். கம்பனியின் பெயரும் முகவரியும் இல்லாமல் அச்சிடாதீர்கள். என்ன வேலை, என்ன கூலி, விண்ணப்பிப்பவரிடம் காசு வாங்குகிறார்களா இல்லையா என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். சிலர் விளம்பரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், போகட்டும். அந்த இடத்தில் வாரம் ஒரு சிறு பெட்டியை மலிவு விலையில் புறக்கோட்டை, வெள்ளவத்தைக் கடைக்காரர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். கணக்கு, தட்டச்சு, மொழிபெயர்ப்பு, தையல் என்று பகுதிநேர ஆள் தேடும் முதலாளிமார் பலர் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் எங்களை எங்கே தேடுவது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. “ஆண், பெண் இருபாலாரும்” என்று போடச் சொன்னால் எனக்கும் உதவி.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லாவிட்டால் வரி பற்றிய பந்தியை வெட்டிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை இரவல் கொடுப்பது பற்றிய பந்தியை மட்டும் தயவுசெய்து அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து கணக்கெழுதும் ஒரு தகப்பன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.