இரங்கல் அறிவிப்பில் இடம்பெறாத உறவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

என் மாமியாரின் இரங்கல் அறிவிப்பு சென்ற மாதம் தங்கள் நாளிதழில் வெளிவந்தது. நான்கு பிள்ளைகள், மருமக்கள், ஒன்பது பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தார் பெயர்களே அந்தச் சிறு கட்டத்தை நிறைத்துவிட்டன. ஆனால் பத்து லஞ்சாங் மயானத்துக்கும் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கும் வந்து கண்ணீர் விட்டவர்களில் பாதிப் பேர் யாரென்று எங்களுக்கே தெரியவில்லை. விசாரித்தபோது ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "அம்மாதான் எனக்கு ஐசி எடுத்துக் கொடுத்தாங்க." ஐசி என்பது அடையாள அட்டை.

அத்தை 1942இல் செபராங் பிறையின் ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தமிழகத்திலிருந்து பால்மரம் வெட்ட வந்த அவருடைய தந்தை, நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்குப் பிறகு குடியுரிமைக்கு மனுச் செய்யவில்லை; உழைப்பவனுக்குக் காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டார். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1969இல் கடுமையானபோது, சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களைப் போல அவரும் மறு ஆண்டு தமிழகம் திரும்பப் பினாங்குத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக வழியனுப்பிய அத்தை, அதற்குப் பின் தந்தையை உயிரோடு பார்க்கவில்லை. ஒரு மனுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க அன்று ஆளில்லாமல் போனதே என்ற ஆற்றாமைதான், பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவரை ஊர் ஊராக நடக்க வைத்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மாமா 1988இல் பக்கவாதத்தில் விழுந்தார். அவர் படுக்கையிலிருந்த ஒன்பது ஆண்டுகளில் முதுகில் ஒரு புண்ணும் வராமல் பார்த்துக்கொண்டவர் அத்தை. நான் மருமகளாக வந்தது 1993இல். விடியற்காலையில் மாமாவைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி புகட்டி, வீட்டுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் பிளாஸ்டிக் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் இறங்குவார். பழுப்புத்தாள் அட்டை போட்ட நோட்டு ஒன்று அந்த உறைக்குள் எப்போதும் இருக்கும். பெயர், பிறந்த தோட்டம், இல்லாத பத்திரம், சாட்சி சொல்லக்கூடியவர் என நான்கு கட்டங்கள். யாருக்காவது அட்டை கிடைத்துவிட்டால் பூஜை அறைக்குப் போய், மஞ்சளில் விரலைத் தொட்டு அந்தப் பெயருக்கு அருகில் ஒரு பொட்டு வைப்பார். சில பக்கங்கள் இன்றும் மஞ்சளாகவே இருக்கின்றன.

கோவிலில் தாலி கட்டினால் போதும் என்று நம் மக்கள் இன்னமும் நினைப்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. 1982 மார்ச் முதல் நடப்பிலுள்ள திருமணச் சட்டப்படி பதிவு கட்டாயம். பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டால் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும்; தாய்க்கு அது இல்லையென்றால், தந்தை குடிமக்களுக்குரிய நீல அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடும். ஆகவே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மொய் வைப்பதற்கு முன் பெண் வீட்டாரிடம் "பதிவு ஆச்சா?" என்றுதான் கேட்பார். தைப்பூசத்தில் வெள்ளி இரதம் வரும் வழியில் தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் ஊற்றும்போதும், கைக்குழந்தையோடு வரும் இளம் தாய்மார்களிடம் பிறப்புப் பத்திரத்தைப் பற்றி விசாரிக்காமல் விடமாட்டார். சிலர் முகம் சுளித்ததை நானே பார்த்திருக்கிறேன். அத்தை அதைப் பொருட்படுத்தவில்லை.

பிள்ளைகளுக்கு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. என் கணவர் பள்ளியில் பரிசு வாங்கிய நாளில், அத்தை ஒரு மாணவிக்காக ஓர் அலுவலகத்தின் வாசலில் மூன்றாம் முறையாகக் காத்திருந்தார். "எனக்கு அம்மா இருந்தாங்க, அந்தப் பிள்ளைக்கு யார் இருந்தா" என்று அவர் இப்போது சொல்கிறார், அப்போது அழுதிருக்கிறார். அந்த மாணவியும் கருமக்கிரியைக்கு வந்திருந்தார். இன்று அவர் ஒரு தாதி.

ஆசிரியர் அவர்களே, நோட்டில் பொட்டு வைக்கப்படாத பெயர்கள் மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்று, 1963இல் நிபோங் திபால் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரமே இல்லாமல் வாழும் ஓர் அம்மாவுடையது. சாட்சிக் கட்டத்தில் "மருத்துவச்சியைத் தேட வேண்டும்" என்று அத்தை நடுங்கிய கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அவ்வட்டாரத் தோட்டங்களில் பிரசவம் பார்த்தவர்களோ, ஆயாவாக வேலை செய்தவர்களோ, அவர்களுடைய பிள்ளைகளோ தங்கள் வாசகர்களில் இருந்தால், தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தகவல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊராக இருந்தாலும் நானே நேரில் வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.